பையில் இருந்த பட்டாளம்

"காணாமப் போனது எவ்வளவு பெரிசு, டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்வளவுதான். ஒரு சின்ன பிளாஸ்டிக் பை."

"உள்ள என்ன?"

"ஒரு மனுஷனோட உயிர்."

நான் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினேன். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவனை அப்படியே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் அண்ணி. அவர் என் அண்ணனின் மனைவி, தொழில் துப்பறிவது. நான் அவருடைய உதவியாளன், ஓட்டுநர், சில வழக்குகளில் தூண்டில் புழு. இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தது அண்ணன்தான். நான் வீட்டில் இருந்தால் ஃப்ரிட்ஜில் எதுவும் தங்குவதில்லையாம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தோல் புற்றுநோய் டாக்டர். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார், மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பைப் பார்ப்பார். ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், இன்னொரு காலில் நீலம். நிச்சயம் பெரிய அறிவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. தம்பிக்கும் புரியற மாதிரி," என்றார் அண்ணி.

நோயாளி ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வலது உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. செருப்புச் சாயம் என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அது புற்றுநோய் என்று தெரிவதற்குள் தொடை வரை ஏறிவிட்டது. வழக்கமான மருந்துகள் கேட்கவில்லை. கடைசி முயற்சியாக டாக்டர் அந்தக் கட்டியை வெட்டியெடுத்து, அதற்குள் புகுந்து போராடிக்கொண்டிருந்த காவல் செல்களைப் பொறுக்கி, ஆராய்ச்சிக்கூடத்தில் தீனி போட்டு ஒரு பட்டாளமாகப் பெருக்கியிருந்தார். அந்தப் பட்டாளத்தை உறைய வைத்துப் பைக்குள் அடைத்திருந்தார்கள். இன்று அதை அவர் உடம்பில் ஏற்ற வேண்டும்.

"நாளைக்கு ஏத்தினா?"

"அதுதாங்க பிரச்சினை. புதுப் பட்டாளத்துக்கு இடம் வேணும்னு அவர் உடம்புல இருந்த பழைய காவலை எல்லாம் மருந்து கொடுத்து வெளியேத்திட்டோம். இப்ப அவருக்குக் காவலே இல்லை. பக்கத்துல யாராவது தும்மினாக்கூட ஆபத்து." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் மங்கலானது. "காலையில டேங்க்கைத் திறந்தேன். பை இல்லை."

"போலீஸ்?"

"ஆஸ்பத்திரி டைரக்டர் வேண்டாம்னுட்டார். இன்னிக்கு அவருக்குப் பாராட்டு விழா. 'இந்த ஆண்டின் தலைசிறந்த நோயெதிர்ப்பு விஞ்ஞானி.' விழா முடியற வரைக்கும் போலீஸ் வண்டி எதுவும் கேட்டுக்குள்ள வரக்கூடாதாம்."

"டைரக்டர் என்ன ஆராய்ச்சி பண்றார்?"

டாக்டர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "என் ஆராய்ச்சிதான்," என்றார் கடைசியில்.

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் காவல் செல் எல்லாம் அவர் உடம்புக்குள்ளேயேதான் இருந்துச்சு. அப்புறம் எப்படிப் புற்றுநோய் வளர்ந்துச்சு?"

அந்த ஒரு கேள்வியில் டாக்டர் ஆளே மாறிப் போனார். தோள் நிமிர்ந்தது, குரல் கணீரென்றானது. "அதைத்தாங்க நான் இத்தனை வருஷமா நோண்டிட்டு இருக்கேன். புற்றுநோய் வெளியிலேர்ந்து வந்த கிருமி இல்லை. நம்ம செல்லேதான் கெட்டுப் போனது. காவல் செல் பக்கத்துல வந்து விசாரிக்கும். உடனே அது தன் மேல இருக்கற ஒரு அடையாளத்தை நீட்டும். நான் நம்ம ஆளு, விட்டுடுன்னு. காவல் செல் சல்யூட் அடிச்சுட்டுப் போயிடும்."

"போலி அட்டையா?" என்றேன்.

"நிஜ அட்டை. அதான் கொடுமை."

அண்ணி அதை மனசுக்குள் எங்கோ மடித்து வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்போது அவர் இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறும்.

"யார் மேல சந்தேகம்?"

"ஒருத்தங்க மேலதான்." டாக்டரின் முகம் சுருங்கியது. "செல் வளர்க்கிற ஆராய்ச்சியாளர். செல்லம்மான்னு எல்லாரும் கூப்பிடுவோம். நேத்து சாயங்காலம் பாதி வேலையில எழுந்து போனாங்க. இன்னிக்கு வரலை. போன் அணைஞ்சிருக்கு. மேல் மாடியில ஒரு போட்டி லேப் இருக்கு, அவங்க ரொம்ப நாளா இவங்களைக் கூப்பிட்டுட்டு இருக்காங்க. வித்துட்டாங்க. கூடவே இருந்து குழி பறிச்சுட்டாங்க."

"அந்தப் பை வேற நோயாளிக்கு உதவுமா?"

"உதவாது. இது இவரோட செல். அடுத்தவங்களுக்கு ஏத்தினா அவங்க உடம்பையே தாக்க ஆரம்பிச்சுடும்."

"அப்ப அதை வாங்கி அவங்க என்ன பண்ணுவாங்க?"

"வளர்த்த முறையைத் தெரிஞ்சுக்கலாம்."

"வளர்த்ததே செல்லம்மாதானே. முறை அவங்க தலைக்குள்ள இருக்கு. தலையை மட்டும் மாடிக்குக் கொண்டு போனாப் போதாதா? பையை எதுக்குச் சுமக்கணும்?"

 அண்ணி எழுந்துவிட்டார்.

---

முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. கண்ணாடிச் சுவருக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். உள்ளே டிரைவிங் வாத்தியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. வலது கால் மட்டும் பழக்க தோஷத்தில் போர்வைக்குள் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது. பேசுவதற்கு ஒரு இன்டர்காம் இருந்தது.

"என்ன டாக்டர், சரக்கு இன்னும் வரலையா?" என்றார்.

"மெஷின்ல சின்ன ரிப்பேர்," என்றார் டாக்டர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"பரவாயில்லை. எங்க வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் டாக்டர். கத்துக்க வர்றவங்க கண்ணை மூடிட்டு லாரிக்குள்ள விடப் பார்த்தாலும் நான் மிதிச்சுடுவேன். அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்தேன். இப்ப நீங்க ஓட்டறீங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் பக்கம் பிரேக் இல்லை, அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி அண்ணியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"நீங்க மெஷின் ரிப்பேர் பண்றவங்க இல்லைன்னு தெரியுதும்மா. அந்தப் பை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அண்ணி யாரிடமும் ஆறுதல் பேச மாட்டார். வீட்டில் அண்ணனிடம்கூட. "இருக்கு. எங்க இருக்குன்னு தெரியலை. இன்னிக்கே கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்."

அண்ணி இரண்டிரண்டு படியாக இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

---

ஆராய்ச்சிக்கூடம் தனிக் கட்டடம். அதற்கு ஒரே வாசல், வாசலில் ஒரே செக்யூரிட்டி. அவர் டாக்டரை நிறுத்தினார்.

"அட்டை சார்."

"நான் தினமும் வர்றேனே."

"தினமும்தான் சார் கேக்கறேன்."

டாக்டர் நான்கு பாக்கெட்டையும் துழாவி அட்டையை எடுத்துக் காட்டினார். எங்களுக்கு விருந்தாளி அட்டை, கையெழுத்து, என் பைக்குள் ஒரு டார்ச் வெளிச்சம். அண்ணியின் குடையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

உள்ளே எங்கு திரும்பினாலும் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் போஸ்டர், மாடிப்படியில் பேனர், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு படம். லிஃப்ட் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்தபோது அவர் மூக்கோடு இரண்டாகப் பிரிந்து எங்களுக்கு வழிவிட்டார்.

"இந்த ஆராய்ச்சிக் கட்டுரையில உங்க பேர் எங்க இருக்கு, டாக்டர்?" என்று கேட்டேன். லிஃப்டுக்குள் ஒரு கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"மூணாவதா. முதல்ல டைரக்டர். அடுத்தது டைரக்டரோட நண்பர்."

"செல்லம்மா?"

"கடைசியில, நன்றி சொல்ற வரியில. ஜெனரேட்டர் கொடுத்த கம்பெனிக்கு அடுத்து."

ஆராய்ச்சிக்கூடத்தின் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு எஃகு டேங்க் நின்றது. டாக்டர் மூடியைத் தூக்கியதும் வெள்ளை ஆவி பொங்கி வழிந்து தரையில் ஓடியது. உள்ளே திரவ நைட்ரஜன். அதில் உயரமான எஃகு ரேக்குகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு ரேக்கிலும் அடுக்கடுக்காகப் பெட்டிகள். டாக்டர் பின்வரிசையிலிருந்து ஒரு ரேக்கை இழுத்துக் காட்டினார். நோயாளியின் எண் எழுதிய அறை காலியாக இருந்தது.

"வேற இடத்துல மாத்தி வெச்சிருப்பாங்களோ?"

"எல்லா ரேக்கையும் பார்த்துட்டேன்."

அண்ணி டேங்க்கை விட்டுவிட்டுச் செல்லம்மாவின் மேசைப் பக்கம் போனார். நானும் போனேன். மேசைக்குக் கீழே இருந்த அலமாரித் தட்டுகள் எல்லாம் காலி. அதில் இருக்க வேண்டிய பாட்டில்களும் டப்பாக்களும் மேசைமேல் நெருக்கியடித்து நின்றன. அடியில் இருந்த இழுப்பறையின் கைப்பிடியில் ஒரு நீளமான கயிறு கட்டியிருந்தது. நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை. அந்த நாற்காலியும் மேசையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அண்ணி அதில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். மேசை விளிம்புதான் எட்டியது.

"செல்லம்மா குண்டா?"

"ஒல்லிதான்," என்றார் டாக்டர். "சமீபமா கொஞ்சம் சதை போட்டிருக்காங்க. கோட் பத்தலைன்னு கேட்டாங்க. பெரிசு வாங்கிக் கொடுத்தேன். மறுபடியும் கேட்டாங்க. அதைவிடப் பெரிசு வாங்கிக் கொடுத்தேன்."

அண்ணி அவரையே பார்த்தார். "நீங்க டாக்டர்தானே?"

"ஆமா."

"மனுஷங்களுக்கு?"

"ஏங்க?"

"குனிய முடியாதவங்கதான் கீழ இருக்கற சாமானையெல்லாம் மேல ஏத்துவாங்க. இழுப்பறையைக் கயிறு கட்டி இழுப்பாங்க. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவுல இவ்வளவு இடம் விட்டிருக்காங்களே, அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா? தம்பி, பிரசவ வார்டுக்குப் போன் போடு."

போட்டேன். நேற்று மாலை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலி எடுத்து, செல்லம்மா இதே வளாகத்தில் எதிர்க் கட்டடத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார். குழந்தை வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிவிட்டதால் காலையில் அவசரமாக ஆபரேஷன். பெண் குழந்தை. தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை, தெளிந்து பேச நேரமாகும் என்றார் நர்ஸ்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒன்பது மாசம். என் எதிர்லயே. நான் திருடின்னு சொன்னேன்."

"வருத்தத்தை அப்புறம் வெச்சுக்கலாம். அவங்க எழுந்து சொல்ற வரைக்கும் நாம காத்திருக்க முடியாது," என்றார் அண்ணி. அவர் பார்வை சுவர் அலமாரிக்குப் போயிருந்தது. தூசுக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். "இங்க என்ன இருந்துச்சு?"

"சின்ன ஃபிளாஸ்க். டேங்க்லேர்ந்து வார்டுக்குப் பையைக் கொண்டு போறது. அதுக்குள்ளேயும் நைட்ரஜன் ஊத்திக்கலாம்..." டாக்டர் நிறுத்தினார். "அதையும் காணோம்."

"அப்ப குளிர் போகாமத்தான் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஒரே வாசல். அங்க என் குடையையே விரிச்சுப் பார்த்தாங்க. ஒரு ஃபிளாஸ்க் எப்படி வெளிய போச்சு?"

---

"என்னைத் தாண்டி ஒரு ஈ போகாதும்மா," என்றார் செக்யூரிட்டி. "யாரா இருந்தாலும் நிறுத்துவேன்."

"யாராவது உங்களை ஏமாத்தியிருக்கலாம்."

"என்னையா?" அவர் முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம்.

அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். நான் மேலே போய் டாக்டரின் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செக்யூரிட்டி ஒரே எட்டில் என் சட்டைக் காலரைப் பிடித்தார். அடையாளம் கேட்டார், அனுமதி கேட்டார், என் அப்பா பெயரைக் கேட்டார். டாக்டர் வந்துதான் மீட்டார்.

மறுபடி மேலே போனேன். இந்த முறை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு நின்ற இயக்குநரின் அட்டைப் படத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டேன். இன்னொரு கையில் அதே மைக்ரோஸ்கோப். தோளில் டாக்டரின் கம்ப்யூட்டர். ஆசை விடாமல் சுவர்க் கடிகாரத்தையும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

செக்யூரிட்டி எழுந்து நின்றார். சல்யூட் அடித்தார். இரண்டு கதவையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பார்த்துப் போப்பா. சார் முகத்துல கை படாம பிடி."

நான் தெருவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி அதைப் பார்த்தார், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார், பிறகு தன் காலணியைப் பார்த்தார்.

"டைரக்டர் சார் படத்தை நான் எப்படிம்மா நிறுத்தறது?" என்றார் மெதுவாக. "காலையில விளம்பர அதிகாரியும் இப்படித்தான் போனார். சார் படம் ஒட்டின பெட்டி. விழா மேடைக்குன்னார்."

டாக்டர் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்.

---

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல ஜலதோஷம் அவருக்கு. ஒவ்வொரு பெருமைக்கும் நடுவே மைக்கில் ஒரு தும்மல் போட்டார். தும்மலுக்கும் கை தட்டினார்கள். அவர் பக்கத்தில் பட்டுத் துணி விரித்த சின்ன மேசை, அதன்மேல் ஒரு எஃகு ஃபிளாஸ்க். அதிலிருந்து வெள்ளை ஆவி அழகாகப் பொங்கி அவர் காலடியில் பரவிக்கொண்டிருந்தது.

"எனது ஆராய்ச்சி," என்றார் இயக்குநர். "எனது செல்கள். ஹச்."

மேடைக்குப் பக்கவாட்டில் விளம்பர அதிகாரியைப் பிடித்தோம். காதில் ஒயர் மாட்டியிருந்த இளைஞர். அவருக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

"போட்டோவுக்கு ஆவி வேணும் மேடம். ஒரிஜினல் பைதான் வேணும்னு சார் ஆசைப்பட்டார். நேத்து அந்த லேடிகிட்ட கேட்டேன். முடியவே முடியாதுன்னாங்க. அப்புறம் டைரக்டர் ஆர்டர்னு சொன்னதும், ரொம்ப அடக்கமா, காலையில டேங்க்ல அந்த நோயாளி நம்பர் போட்ட அறையிலேர்ந்து எடுத்துக்குங்கன்னுட்டாங்க. விழா முடிஞ்சதும் திருப்பி வெச்சுடறேன்னு சொன்னேனே."

"மூடி திறந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கத்தினார் டாக்டர்.

"ஆவி குறையுதுன்னு அப்பப்ப பையை வெளிய எடுத்துக் காட்டிட்டுத்தான் இருக்கோம்."

டாக்டர் மேடையில் ஏறினார். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் நீலம். இடுக்கியால் பையை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. டாக்டர் பையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மேடைப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இது செல் இல்லை. இதுல ஒண்ணுமே இல்லை. புதுசா வர்றவங்களுக்குப் பழக்கறதுக்கு வெச்சிருக்கற உப்புத் தண்ணிப் பை." பையை மடியில் போட்டுக்கொண்டார். "போச்சு. நான் அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னிடம் ஜோக் எதுவும் மிச்சமில்லை. அண்ணியைப் பார்த்தால், அவர் புருவம் ஏறியிருந்தது.

"நல்ல சேதி டாக்டர்," என்றார்.

"எதுங்க நல்ல சேதி?"

"செல்லம்மா கெட்டிக்காரின்னு தெரிஞ்சுபோச்சு. முடியாதுன்னு சொன்னா டைரக்டர் ஆர்டரோட வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதனால தண்ணிப் பையை அந்த அறையில வெச்சுட்டு, நிஜத்தை ஒளிச்சு வெச்சிருக்காங்க. காலையில வந்து உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்திருப்பாங்க. அதுக்குள்ள வலி வந்துடுச்சு. அந்தப் பை குளிர்லதானே இருக்கணும்? இங்க இந்த டேங்க்கை விட்டா வேற டேங்க் உண்டா?"

"இல்லை. ஆனா டேங்க் முழுக்கத் தேடிட்டேனே."

"முழுக்கவா?"

"முழுக்க." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "டைரக்டர் ரேக்கைத் தவிர."

"அது எங்க தொங்குது?"

"முன்வரிசையில. மரியாதைக்குரிய இடம்னு அங்க வெச்சிருக்கு."

"பின்வரிசைக்கு எட்டணும்னா டேங்க்மேல வயித்தை அழுத்திக் குனியணும். நேத்து பையை மாத்த ஒரு தடவை குனிஞ்சதே அவங்களுக்குப் பெரும்பாடா இருந்திருக்கும். மறுபடி குனிஞ்சிருக்க மாட்டாங்க. நிஜப் பையைக் கைக்கு எட்டின இடத்துலதான் வெச்சிருக்கணும்." அண்ணி குனிந்து டாக்டரின் கண்ணைப் பார்த்தார். "அந்த ரேக்கை நீங்க ஏன் திறக்கலை?"

"அது டைரக்டரோடது."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது. யாரும் திறந்து பார்த்ததில்லை. அவரோட ரேக்கை நாம எப்படி..."

டாக்டர் பாதியில் நின்றார். அவர் முகத்தில் ஒன்று மெல்லத் தெளிந்து வந்ததை நான் பார்த்தேன்.

---

ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பியதும் அந்த ரேக்கை டாக்டரே தூக்கினார்.  முதல் பெட்டியில் இயக்குநரின் பெயர், பட்டங்கள். உள்ளே காலி. இரண்டாவது பெட்டியிலும் பெயர், பட்டங்கள், காலி. இத்தனை வருட ஆராய்ச்சியும் பளபளவென்று வரிசையாகக் காலியாக வந்துகொண்டே இருந்தது. நான் சிரிக்கப் போய் அண்ணியின் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தட்டில் ஒரு உலோக உறை. அதன்மேல் விழா அழைப்பிதழிலிருந்து வெட்டிய அட்டை, அதில் இயக்குநரின் சிரித்த முகம். டாக்டர் உறையைத் திருப்பினார். பின்புறம் டிரைவிங் வாத்தியாரின் எண், செல்லம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில். உள்ளே கலங்கலாக, கெட்டியாக, பத்திரமாகப் பட்டாளம்.

"நம்ம ஆளுன்னு அட்டையை நீட்டினா காவல் செல் ஏன் விட்டுட்டுப் போகுதுன்னு இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றேன்," என்றார் டாக்டர். "காலையில நானும் சல்யூட் அடிச்சுட்டுத்தான் போயிருக்கேன்."

"பரவாயில்லை டாக்டர். செக்யூரிட்டியும் நீங்களும் ஒரே படிப்புதான்," என்றேன். இதற்கு அண்ணி இடிக்கவில்லை.

---

வெதுவெதுப்பான தண்ணீரில் பையை உருக்கி, வார்டில் மாட்டினார்கள். சொட்டு இறங்க ஆரம்பித்ததும் இன்டர்காமில் வாத்தியாரின் குரல் வந்தது. "டாக்டர், உங்க பட்டாளம் பூண்டு தின்னுட்டு வந்திருக்கா? வாயெல்லாம் வாடை."

"உறைய வைக்கப் போட்ட மருந்து. ரெண்டு நாள்ல போயிடும்," என்றார் டாக்டர். இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை.

வாத்தியாரின் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. செல்லம்மா கண் விழித்துவிட்டாராம். முதலில் கேட்டது, "ஏத்தியாச்சா?" இரண்டாவதாகத்தான், "என்ன குழந்தை?"

டாக்டர் போனை வாங்கினார். "ஏத்தியாச்சும்மா," என்றார்.  மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குழந்தை விஷயத்தை என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் பதில் நீளமாக வந்தது. டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலை குனிந்துகொண்டே போனார். தான் மூன்று தடவை சொல்ல வந்ததாகவும், மூன்று தடவையும் அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் 'வாழ்த்துகள், கதவைச் சாத்துங்க' என்று சொன்னதாகவும் செல்லம்மா விளக்கியிருக்கிறார்.

அப்போதுதான் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கழுத்தில் பதக்கத்தோடு இயக்குநர் வந்துகொண்டிருந்தார். பின்னால் விளம்பர அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒரு போட்டோகிராபர். சேதி அதற்குள் இயக்குநரிடம் போய், போன வழியிலேயே கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

"என் ரேக்ல இருந்ததாலதானே பிழைச்சுது," என்றார் இயக்குநர் பெருமையாக. அதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குக் கடுப்பு. "நோயாளியோட ஒரே ஒரு போட்டோ. பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்ச மாதிரி. ஹச்."

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

அந்தக் கையின் மேல் டாக்டர் தன் கையை வைத்தார்.

"உள்ள விட முடியாது சார்."

இயக்குநர் சிரித்தார். ஏதோ தவறுதலாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்திருப்பார். டாக்டர் நகரவில்லை.  கையும் கதவை விட்டு அசையவில்லை. இயக்குநரின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு."

 போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். இயக்குநர் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு, ஒரு தும்மலை விழுங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க டாக்டருக்கு வெகுநேரம் பிடித்தது.

இன்டர்காம் கரகரத்தது. உள்ளே டிரைவிங் வாத்தியார் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். போர்வைக்குள் அவர் வலது கால் இப்போது அசையாமல் இருந்தது.

"டாக்டர்," என்றார், "உங்க பக்கத்து பிரேக் நல்லாப் பிடிக்குது."